மணி வாங்கிய உரம்

“அடப்பாவி! கையும் களவுமா மாட்டினா பாரு!”

முதலாளி போட்ட கூச்சலில், பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி திடுக்கிட்டுப் போனாள்.

முதலாளி என்றதும் பெரிய கம்பெனியை நினைத்துவிட வேண்டாம். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். செடிக்கு ஊற்றும் உரத்தைப் பாட்டிலில் அடைத்து ஆன்லைனில் விற்கிறார். தொழிலாளி ஒரே ஒருத்தி. அவளையும் கல்யாணம் செய்துகொண்டாயிற்று, அதனால் சம்பளம் கிடையாது.

“யாருங்க மாட்டினது?”

“வேற யாரு, உன் ரோஜாக்காதான்!”

ரோஜாக்காவை இவர்கள் நேரில் பார்த்ததில்லை. தன் பால்கனி ரோஜாக்களை வீடியோ எடுத்துப் போடுவாள். கீழே இவர்களுடைய உரத்துக்கு ஒரு லிங்க் கொடுப்பாள். அந்த லிங்க் வழியாக ஒரு புது ஆள் வந்து வாங்கினால் அவளுக்குக் கமிஷன். அதே ஆள் மறுபடி வாங்கினால் கிடையாது. முதலாளி போட்ட விதி அது.

“இங்க பாரு, ஒரே வீட்டு விலாசம். முதல்ல அந்த வீட்டு அம்மா வாங்குது. அடுத்து புருஷன். அப்புறம் மாமியார். இப்போ யாரோ மணியாம்! எல்லாரும் புது ஆள், எல்லாருக்கும் நாம கமிஷன் அழணும். ஒரு வீட்டுல அத்தனை பேருமா தனித்தனியா செடி வளர்க்கறாங்க? இதே மாதிரி இன்னும் நாலஞ்சு வீடு. எல்லாம் இவ சொல்லிக் கொடுத்த வேலை. இன்னைக்கே லிங்க்கை வெட்டி விடறேன். ஏமாத்துக்காரின்னு ஊரெல்லாம் தெரியற மாதிரி எழுதியும் போடறேன்!”

மனைவியின் முகம் வாடிவிட்டது.

“பாவங்க. அந்தக் கமிஷனை நம்பித்தான் அவங்க குடும்பமே ஓடுது. அவங்க கூட்டிட்டு வந்த ஆளுங்கதானே திரும்பத் திரும்ப வாங்கறாங்க? ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொடுத்தா குறைஞ்சா போயிடுவோம்னு நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.”

“நம்ம கல்யாணத்தை முடிச்சு வச்ச தரகருக்கு ஒரு தடவைதானே கமிஷன் கொடுத்தோம்? வருஷா வருஷம் கல்யாண நாளுக்குமா கொடுத்துக்கிட்டிருக்கோம்?”

பேச்சில் மனுஷரை ஜெயிக்க முடியாது. அவள் லேபிளை எடுத்துக்கொண்டாள்.

வெட்டுவதற்கு முன்னால் சாட்சி வேண்டும் என்று, முதலாளி அந்த மணியின் நம்பருக்கே போன் போட்டார். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை வேறு போட்டுவிட்டார்.

“ஹலோ, மிஸ்டர் மணி இருக்காரா?”

“இருக்கான். சாப்பிட்டுட்டுத் தூங்கறான்,” என்றது ஒரு பெண் குரல். “நீங்க யாரு?”

“உரக் கம்பெனி. எங்ககிட்ட உரம் வாங்கியிருக்கார். கொஞ்சம் எழுப்புங்க, ஒரு வார்த்தை பேசணும்.”

“எழுப்பினா குரைப்பான் சார், பரவாயில்லையா?”

முதலாளி ஆர்டரில் இருந்த பெயரை மறுபடி பார்த்தார்.

“நாயாம்மா?”

“நாய்தான் சார்.” அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “மாட்டிக்கிட்டேனா?”

“வெட்கமா இல்லை? அந்த ரோஜாக்கா சொல்லிக் கொடுத்தாளா?”

சிரிப்பு சட்டென்று நின்றது.

“அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க சார். அவங்களுக்கு இது தெரியவே தெரியாது. முதல் பாட்டிலை ஊத்தினதும் என் செடியெல்லாம் கருகிப் போச்சு. கோபத்துல உங்க நம்பருக்குத்தான் போன் பண்ணினேன். எடுத்தவங்க ரோஜாக்கா நம்பரைக் கொடுத்து, அவங்களைக் கேளுங்கன்னுட்டாங்க. ரோஜாக்காதான் வீடியோ கால்ல வந்து, ஒவ்வொரு இலையா திருப்பிக் காட்டச் சொல்லி, நான் தண்ணி கலக்காம ஊத்தினதைக் கண்டுபிடிச்சாங்க. தினம் தினம் விசாரிச்சு செடியைப் பிழைக்க வச்சாங்க. இல்லேன்னா உங்க பாட்டிலை மறுபடி தொட்டிருப்பேனா? மறுபடி வாங்கினா உங்களுக்குக் கமிஷன் வருமாக்கான்னு கேட்டேன். முதல் தடவைக்குத்தான்மா, அதனால என்ன, செடி பூத்தா சரின்னாங்க. எங்களுக்கு மனசு கேட்கலை. வீட்டுல ஒவ்வொருத்தரையா புது ஆளாக்கினோம். ஆள் தீர்ந்து போச்சு, மணியையும் சேர்த்துட்டேன்.”

முதலாளி போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“போன் வந்தா ரோஜாக்கா நம்பரையா கொடுக்கறே?”

“பின்னே? எனக்கு லேபிள் ஒட்டத்தான் தெரியும். நீங்க இதுவரைக்கும் ஒரு செடி வளர்த்ததில்லை. வர்ற புகார் எல்லாத்தையும் அவங்கதான் பார்க்கறாங்க. தரகர் கல்யாணத்தோட போயிட்டாருங்க. நம்ம சண்டைக்கெல்லாம் வாரா வாரம் வந்து பஞ்சாயத்து பண்ணியிருந்தா, அவருக்கும் கொடுத்துத்தானே ஆகணும்?”

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ‘முதல் தடவை மட்டும்’ என்றிருந்ததை அழித்தார். ‘ஒவ்வொரு தடவையும்’ என்று அடித்தார்.

“விட்டுப் போனதையும் சேர்த்துக் கொடுத்துடலாம். ரோஜாக்காவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு.”

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் சந்தோஷத்தைப் பார்த்ததும் முதலாளிக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது.

“இருந்தாலும் அந்த மணி வீட்டு அம்மா பண்ணினது தப்புதான். நியாயம் வேணும்னா நேரா கேட்கணும். நல்ல குடும்பத்துல யாராவது இப்படிக் கள்ளப் பேர்ல வாங்குவாங்களா?”

காலிங்பெல் அடித்தது. வாசலில் கூரியர்காரர், கையில் பார்சலோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“என்ன சார் கூத்து இது? நேத்து இந்த வீட்டுலதான் எடுத்துட்டுப் போனேன். இன்னைக்கு இதே வீட்டுல கொடுக்கச் சொல்லுது. உங்க பேருக்குத்தான் வந்திருக்கு.”

பிரித்துப் பார்த்தார். அவருடைய உரம்தான். லேபிள்கூடக் கொஞ்சம் கோணலாக, வீட்டு லேபிள்தான்.

திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“வீட்டுச் செலவுல மிச்சம் பிடிச்சு, ரோஜாக்கா லிங்க்லதாங்க வாங்கினேன்,” என்றாள் அவள் மெல்ல. “எங்கம்மா, உங்க தங்கச்சி, பக்கத்து வீட்டு அக்கா எல்லார் பேரும் முடிஞ்சாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி இருந்தீங்க.”