மூன்றாவது ஓலை

ஹெர்பர்ட்டின் படத்துக்கு முன்னால் விளக்கு எரியவில்லை. எட்டு மாதமாக ஒருநாளும் அணையாத விளக்கு! ஒருவழியாக டொறீன் செத்த புருஷனை மறந்துவிட்டாள் என்று வின்சன்டுக்கு மனசு குளிர்ந்துபோனது.

இரத்தோட்டைக் கோயிலில் அவனுக்கும் டொறீனுக்கும் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. நாளை மூன்றாவது; யாரும் தடை சொல்லாவிட்டால் அடுத்த வாரம் தாலி. அவள் புருஷன் ஹெர்பர்ட் கடலில் செத்ததைக் கண்ணால் கண்டேன் என்று ஃபாதரிடம் கையெழுத்து வைத்ததே வின்சன்ட்தான்.

டொறீன் தேத்தண்ணியை நீட்டினாள். “கப்பல்ல நடந்தத இன்னொருக்கா சொல்லுங்க.”

கேட்க வேண்டுமா! வாய் காது வரை போனது அவனுக்கு.

“நேவிக்காரன் யுத்த டாங்கி ஏத்துற கப்பல். அடி தட்டை, சின்ன அலைக்கே உருளும். வடக்க மேசன் வேலைக்குப் போன எங்கள லொறிக்கு நடுவுல சாமான் மாதிரி அடுக்கிட்டான். திருகோணமலை தாண்டுறதுக்குள்ள உன் ஆளு மூணு தடவ வாந்தி. மாதாவே மாதாவேன்னு ஒரே அழுக!”

“நீங்க?”

“நானா? வெத்தில போட்டுக்கிட்டு நின்னேன்.”

வெற்றிலையாவது மண்ணாவது! அன்றைக்கு அவனுக்குப் பல்லே கிட்டிப்போயிருந்தது.

“அப்பறம் குண்டுப் படகு வந்து மோதுச்சு, எல்லாரும் குதிச்சோம். என்னைய நேவிப் படகு தூக்கிருச்சு. மீன் வள்ளக்காரங்க தூக்குன கொஞ்சப் பேர சண்டை நடக்குற வன்னிப் பக்கம் கொண்டுபோனாங்களாம். அங்கருந்து தபாலும் இல்ல, பாதையும் இல்ல.”

“அவருக்கு மெதக்குற ஜாக்கெட் குடுக்கலியா?”

“குடுத்தாங்க. பயந்தாங்கொள்ளி, பதட்டத்துல கழட்டி வீசிட்டு முங்கிட்டான்.”

“அவரு கழட்டுனாரா, நீங்க உருவுனீங்களா?”

வின்சன்ட் கோப்பையைக் கீழே வைத்தான். “என்னா பேச்சு இது? நாளைக்கு ஓலைய வச்சுக்கிட்டு…”

“நாளைக்கு ஓலை வாசிக்க மாட்டாங்க. தடை சொல்ல ஒருத்தர் காலையிலயே ஃபாதரப் பாத்துட்டாரு.”

“எவன் அவன்?”

காலில் ஏறிய அட்டையைப் பார்ப்பதுபோல் டொறீன் அவனைப் பார்த்தாள்.

“உசுரோட இருக்குறவரு படத்துக்கு யாராவது வெளக்கு ஏத்துவாங்களா?”