பொருள்: ஆழியனின் தலை

"யோவ் அப்பாவு! நில்லுய்யா! அந்த ஃபைலைக் கொடுத்துட்டுப் போ!"

கலியமூர்த்தி இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்றாவது மாடியை எட்டியபோது, ப்யூன் அப்பாவு வெறுங்கையோடு இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"எந்த ஃபைல் சார்? செவப்புச் சீட்டு ஒட்டினதா? அது ஜே.எஸ். மேசைக்குப் போயி அஞ்சு நிமிசமாச்சே!"

"ஐயையோ! யாருய்யா உன்னைக் கொண்டுபோகச் சொன்னது?"

"நல்லா இருக்கே நாயம்! செவப்புச் சீட்டைக் கண்டா ஜல்தி மேலே கொண்டு போன்னு நீங்கதான சார் தெனம் வையறீங்க?"

டில்லி ஜனவரியிலும் கலியமூர்த்திக்கு ஸ்வெட்டருக்குள் வியர்த்தது.

அந்த ஃபைலில் சர்க்கார் விஷயம் ஒரு வரிகூடக் கிடையாது. மதராசிலிருந்து ரயிலேறி வரும் வாரப் பத்திரிகையில் பூங்கோதை என்ற அம்மாள் எழுதிவந்த 'கருங்கோட்டை மாயன்' தொடர்கதைதான் விஷயம். வியாழக்கிழமை இதழ் வந்தால் செக்‌ஷனில் இருந்த தமிழர்களுக்குள் குடுமிப்பிடி. சத்தம் மாடிவரை கேட்கிறது என்று ஒருநாள் எச்சரிக்கை வர, சீனியரான அய்யாசாமி வழி சொன்னார்.

"பேசினாத்தானே சத்தம்? ஃபைல் போட்டுடுவோம்!"

அத்தியாயத்தைக் கத்தரித்து ஒரு பக்கம் கோத்து, மறுபக்கம் ஆளுக்கொரு குறிப்பு, எண் போட்டு, முறைப்படி. மேசைக்கு மேசை வேகமாகச் சுற்றட்டும் என்று 'அவசரம்' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டியவரும் அவரே.

செக்‌ஷனுக்குத் திரும்பிய கலியமூர்த்தி நாற்காலியில் விழுந்தான்.

"அண்ணே, தொலைஞ்சோம். உங்க சிவப்புச் சீட்டு நேரா தட்சிணாமூர்த்திகிட்டப் போயிடுச்சு."

ஜே.எஸ். என்கிற ஜாயின்ட் செக்ரட்டரி தட்சிணாமூர்த்தி தமிழர்தான். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் விழுந்து யாரும் கேட்டதில்லை. ஐந்து நிமிடத் தாமதத்துக்கு மெமோ கொடுப்பவர். இன்று அதே மேசையில் கலியமூர்த்தியின் பிரமோஷன் பேப்பரும் கையெழுத்துக்குக் கிடந்தது. பதினோரு வருஷத் தவம்.

"நீ என்னப்பா எழுதியிருந்தே?" என்றார் அய்யாசாமி.

"ஆழியனை வெட்டினா இந்த அம்மாளுக்கு மனுஷாளையே தெரியலைன்னு அர்த்தம், பேனாவை வச்சிட்டு வேற வேலை பார்க்கலாம்னு..."

கோட்டைக் காவலன் ஆழியன், கல்லாகிப்போன தன் மகளை மீட்பதற்காக எதிரியான மாயனுக்குக் கதவைத் திறந்துவிட்டான். இளவரசி வாளை ஓங்கிய இடத்தில் இந்த வாரம் தொடரும் போட்டிருந்தது.

"வெட்டாம பின்னே? மாலை போடணுமா?" என்று டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து சீறினாள் ஸ்டெனோ லீலாவதி. "துரோகி துரோகிதான் சார். நான் மூணாவது குறிப்புல 'உடன் தலையை வாங்குக'ன்னு தெளிவா எழுதியிருக்கேன்."

"அம்மா தாயே, இப்ப போகப்போறது என் தலை!"

"நீங்க வேணா ஆழியன் பக்கத்துல நில்லுங்க. ஒரே வெட்டா முடிஞ்சிரும்."

மாடியிலிருந்து அழைப்பு வந்தது.

தட்சிணாமூர்த்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஃபைல் விரிந்தபடி இருந்தது.

"குறிப்பு ஏழு யாருது?"

தமிழ்! கலியமூர்த்திக்கு அதுவே பாதி உயிரை வாங்கிவிட்டது.

"நான்... நான்தான் சார்."

"பெத்த பொண்ணுக்காகக் கோட்டையையே காட்டிக்கொடுக்கலாமா? உள்ளே எட்டாயிரம் பேர் செத்திருக்காங்க."

'மன்னிச்சிடுங்க சார், இனிமே ஆபீஸ்ல கதையே படிக்கமாட்டோம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"தப்புதான் சார். ஆனா கதவைத் திறந்தவன் ஓடிப்போகலையே! சாவியைக் கொண்டாந்து இளவரசி காலடியில வச்சிட்டுக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கறான். அவனுக்கென்ன ஓடத் தெரியாதா? அவனை வெட்டிட்டா அவ வெறும் வாள் பிடிச்ச பொண்ணு சார். விட்டாத்தான் ராணி!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் யாரிடம் கையை ஆட்டிப் பேசுகிறோம் என்பது உறைத்தது. கையைக் கீழே இறக்கினான்.

"பேனாவை வச்சிட்டு வேற வேலை பார்க்கலாம். இதுவும் நீங்கதானா?"

"அது... ஒரு வேகத்துல சார்..."

தட்சிணாமூர்த்தி பச்சை மசிப் பேனாவைத் திறந்து மளமளவென்று எழுதினார். ஃபைலை மூடி நகர்த்தினார்.

"எடுத்துட்டுப் போங்க. வெளியில போய்ப் படிங்க."

கதவுக்கு வெளியே அய்யாசாமியும் லீலாவதியும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊருக்குப்பா மாத்தல்? ஷில்லாங்கா, கோஹிமாவா?"

"கம்பளியெல்லாம் இருக்கா சார் உங்ககிட்ட?" என்றாள் லீலாவதி.

கலியமூர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஃபைலைத் திறந்தான். குறிப்புகளுக்கெல்லாம் கீழே, பச்சை மசியில், முத்து முத்தான தமிழில் இருந்தது உத்தரவு:

'குறிப்பு 7 எழுதியவரின் பதவி உயர்வுக்கு ஒப்புதல் அளிக்கப்படுகிறது. ஆழியன் விஷயத்திலும் அவர் கருத்து ஏற்கப்படுகிறது. ஆனால் அடுத்த அத்தியாயத்தில் அவன் தலையை வெட்டி நேற்றே பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். அதற்கடுத்த அத்தியாயத்தில் ஒட்டவைத்துவிடுகிறேன்.'