நீக்காத பதிவு

காட்டுத்தீ தேவசகாயத்தின் வீட்டையும் மனைவி லூர்தையும் கொண்டுபோய்விட்டது. அவருக்குக் கிடைத்த தற்காலிக அறையின் சுவர், எந்தச் சத்தம் வேண்டுமென்று சொன்னாலும் அதை ஒலிக்கச் செய்யும். பறவை ஒலிப்பதிவுக் குழு நண்பர்கள், அவருடைய தோட்டத்தில் தாங்கள் முன்பு பதிவுசெய்த விடியல் ஒலிகளையெல்லாம் அனுப்பிவைத்தார்கள். எதிலும் லூர்து இல்லை. மனிதக் குரலை நீக்கிய பிறகே பகிர வேண்டும் என்பது அவரே போட்ட விதி.

“யார்கிட்டயாவது குரல் நீக்காத பதிவு இருக்கா?” என்று குழுவில் கேட்டார்.

அந்த விதியை மீறிப் பலமுறை திட்டு வாங்கிய மும்தாஜ் ஒன்றை அனுப்பினாள். “திட்டாதீங்க சார், இதை இன்னும் சுத்தம் பண்ணல.”

சுவரில் சீகாரப் பூங்குருவி சீழ்க்கையடித்தது. நடுவே லூர்து: “அந்த மைக்கை வெச்சிட்டு சாப்பிட வாங்க!”

“இன்னொரு தடவை போடு,” என்றார் சுவரிடம். “குருவியை எடுத்துடு.”