இறாலிடம் ஓரவஞ்சனை

இரண்டு இறால் தொட்டிகளில் ஒன்றுக்குக் கணவர் கண்டுபிடித்த புதுத் தீவனம், மற்றதற்குக் கடைத் தீவனம். எதற்கு எது என்பது ஆய்வகத்தை நடத்தும் மனைவிக்கு மட்டுமே தெரியும். சோதனை விதி அப்படி. இன்று எடை போட்டதில் வலது தொட்டி ஜெயித்தது. அவர் முகம் தொங்கிப்போனது.

“மூணு வருஷ உழைப்பு தண்ணியில போச்சும்மா!”

“ஏங்க?”

“இடதுதான் என்னோடது. வாசனையே சொல்லுதே!” குரல் தாழ்ந்தது. “திட்டாதே... அதுக்கு மட்டும் திருட்டுத்தனமா தினமும் நல்ல தண்ணி மாத்தினேன். அப்படியும் தோத்துடுச்சு.”

அதுவரை அடக்கிய சிரிப்பை மனைவி அவிழ்த்துவிட்டாள்.

“மூக்கா அது? வலதுதாங்க உங்க தீவனம்! எதிராளிக்கு அவ்வளவு உபசாரம் பண்ணியும் ஜெயிச்சிருக்கீங்க.”

அவர் வாயெல்லாம் பல்.

“இருங்க, சோதனையை மறுபடி நடத்தணும். இந்தத் தடவை தொட்டிப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது!”