தள்ளி நின்று சுட

அமெரிக்காவின் வயோமிங்கில் துப்பாக்கி பழுது பார்க்கும் டெல்பர்ட்டின் கடைக்கு ஆரன் வந்தார். பின்பக்கச் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துச் சுடும் தன் பழைய ரிவால்வரை மேசைமேல் வைத்தார்.

“இதுக்கு ஒரு ஸ்கோப் மாட்டிக் குடுப்பா.”

“ஸ்கோப் வெச்சவனையெல்லாம் குருடன்னு கிண்டல் பண்ணுன ஆளாச்சே நீ. கண்ணு போச்சா?”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஐம்பது கஜத்துலேருந்து ஒரே குண்டுல முடியணும்.”

டெல்பர்ட் துப்பாக்கியின் மேல் துளை போட்டு, தூரத்துக் குறியைக் கிட்டக் காட்டும் ஸ்கோப்பை வைத்துத் திருகாணிகளை முடுக்கினார். “மானா? கிட்டப் போனா ஓடிடுமா?”

“ஓடாது. என் குதிரை. வயித்துல கட்டி, இனி பொழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“அதுக்கு எதுக்கு ஸ்கோப்? பக்கத்துல நின்னே சுடலாமே.”

ஆரன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“காலையில அப்படித்தான் போனேன். தலையைக் கொண்டுவந்து என் தோள்ல சாய்ச்சுக்கிச்சு.”