பிரவீனா போட்ட படம்

படத்தைப் பார்த்ததுமே பிரவீனா எங்கே நிற்கிறாள் என்று கனகராஜுக்குத் தெரிந்துவிட்டது. நாளெல்லாம் பெய்த மழை விட்டு, அந்தி வெயிலில் சுல்தான் இப்ராஹிம் கட்டடத்தின் கோபுரம் ஈரத்தோடு மின்னிக்கொண்டிருந்தது. அந்தக் கோணம் எதிரே இருக்கும் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியிலிருந்துதான் கிடைக்கும். மழை விட்டால் போதும், அவன் மனைவி அங்கே ஓடிவிடுவாள்.

வாரம் முழுக்க சிங்கப்பூரில் தங்கி வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை மாலை எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, அப்போதுதான் மலேசிய சிம் கார்டை மாற்றிப் போட்டிருந்தான். சிங்கப்பூர் எண்ணை அவன் வீட்டில் யாருக்கும் கொடுத்ததில்லை. திங்கள் முதல் சனி வரை ஒருவரும் தொல்லை செய்ய முடியாது.

கூலாயில் இருக்கும் மாமியார் நாற்பத்து மூன்று முறை அழைத்ததாகக் குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. மகளுக்கு வக்காலத்து வாங்கக் கூப்பிட்டிருப்பாள் என்று எல்லாவற்றையும் அழித்தான். பிறகுதான் பிரவீனாவின் ஸ்டேட்டஸில் இந்தப் படம். போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவனுக்கு ரத்தம் கொதித்தது. புருஷன் வெல்டிங் புகையில் வெந்துவிட்டு வருகிறான், இவளுக்குப் படம் கேட்கிறதா? அங்கே ஃபோர்மேன் ஏசினால் வாயைத் திறக்காமல் நிற்பவன்தான் இவன். வெளியில் எலி, வீட்டில் புலி.

கார் நிறுத்துமிடத்துக்கு விரைந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நான்கு மாடி ஏறினான். அவளுடைய ரோஸ் நிற மழைக்கோட்டு தூரத்திலேயே தெரிந்தது. தலையை மூடிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, கைபேசியை உயர்த்திப் பிடித்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழம தலைய சுவத்துல மோதுனது பத்தலயா ஒனக்கு?"

அவள் திரும்பவில்லை. உயர்ந்த கையும் இறங்கவில்லை.

"கேக்குறேன்ல? அன்னைக்கே ஒன்ன கொன்னுருக்கணும் லா."

ஹெல்மெட்டை ஓங்கித் தோளில் இறக்கினான். ஈரத் தரையில் அவள் குப்புற விழுந்தாள். ஆத்திரம் அடங்காமல் இன்னொரு முறை ஓங்கி அடித்துவிட்டு, தோளைப் பிடித்துப் புரட்டினான்.

வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்தது அவன் மைத்துனி லோஷினி.

கனகராஜ் பிடியை விட்டான். இவள் கையில் இருப்பது பிரவீனாவின் கைபேசி.

"அவ மழக்கோட்ட நீ எதுக்குப் போட்டிருக்க? ஒங்கக்கா எங்க?"

லோஷினி சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். கைபேசியில் அதுவரை பதிவாகிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்திச் சேமித்தாள். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டேதான் அக்கா செத்தா. புதன்கிழம எரிச்சாச்சு, மாமா."