வளைவில் திணறும் பஸ்

"வள்ளித்தாய்தாம்லே பஸ்ஸைப் பிடிச்சு இழுக்கா!"

தென்காசி பஸ் ஸ்டாண்டுல இப்ப இதுதான் பேச்சு. இலஞ்சி வளைவு வந்தா எங்க குற்றாலம் பஸ் திணறும். உள்ள இருக்கிற சனம் கப்சிப். கண்டக்டர் ஆதம் விசிலைக்கூட ஊத மாட்டான்.

போன வருசம், ஐம்பத்தஞ்சாம் வருசச் சாரல் சீசன்ல, அந்த வளைவுலதான் புல்லுக்கட்டோட ரோட்டைக் கடந்த வள்ளித்தாயை எங்க பஸ் அடிச்சுட்டு. பத்து வயசுப் பிள்ளை.

பேயாவது பிசாசாவது! பஸ்ஸைத் திணற வைக்கிறது நான்தான். மெக்கானிக் மாடன்.

பெட்ரோல் இஞ்சின். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நெல்லளவு பின்னால திருப்பிட்டா டைமிங் தப்பித் தீப்பொறி லேட்டா விழும், வண்டி வேகம் எடுக்காது. எல்லா இடத்துலயுந்தான் திணறும். இந்தச் சனத்துக்கு அந்த வளைவுல மட்டும்தான் தெரியும் போல.

ஏன் செஞ்சேன்? டிரைவர் தங்கசாமி அப்பிடி! பிள்ளையை அடிச்சுட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. கேஸ் முடிஞ்ச மறுநாளே வெத்தலையைக் குதப்பிக்கிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டான், கல்நெஞ்சக்காரப் பய. அவன் காலைக் கட்ட முடியுமா? இஞ்சினைக் கட்டிட்டேன்.

நேத்து எஃப்.சி., வண்டிக்கு வருசாந்தரத் தகுதிச் சோதனை. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து மேட்டுல ஓட்டிப் பார்ப்பார், புகைக்குழாய்கிட்ட வெள்ளைக் கைக்குட்டையை நீட்டுவார். என் டைமிங்குக்கு வண்டி மேடும் ஏறாது, புகையும் கக்கும். வேற வழியில்லாம சரியா வச்சுக் கொடுத்தேன். கைக்குட்டை அழுக்காகலை. வண்டி பாய்ஞ்சுட்டு.

முதலாளி வீரபாகுவுக்கு வாயெல்லாம் பல்லு.

"மாடா, இனிமே இப்பிடித்தாம்லே ஓடணும். மறுபடி திணறுச்சு, உன் சீட்டைக் கிழிச்சிருவேன். தங்கசாமி, மூணு மணி டிரிப்பை எடு!"

"சாரல் அடிக்கு முதலாளி, இன்னைக்கு ஒருநாள் நிறுத்தி..."ன்னு நான் இழுத்தேன்.

"போயி வேலையைப் பாருலே!"

டைமிங்ல கை வைக்க நேரமே இல்ல. வண்டி நிறைய சனம், அதுல ஏழெட்டுப் பிள்ளைங்க வேற. இன்னொரு உசிரு போனா நான் என்ன செய்வேன்? தங்கசாமி பக்கத்துல தொத்தி உக்காந்தேன்.

"பைய ஓட்டு, தங்கசாமி."

பஸ் பறந்தது. மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு, எதுக்க வாற மாடு தெரியலை.

இலஞ்சி வளைவு.

பஸ் திணறுச்சு! அப்பிடியே தணிஞ்சு, ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துட்டு.

நான் தொடவே இல்லையே! அப்ப யாரு பிடிச்சு இழுக்கா? ஆதம் கண்ணை மூடிக்கிட்டு "யா அல்லா"ங்கான். வண்டிக்குள்ள ஒரு பிள்ளை அழலை.

கீழ குனிஞ்சு பாத்தேன்.

ஆக்ஸிலேட்டர் மேல காலே இல்ல. தங்கசாமி வலது கால் அந்தரத்துல நின்னு வெடவெடன்னு ஆடுது. கண்ணு, ஆளில்லாத ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கு.

உதடு மட்டும் முணுமுணுத்துச்சு.

"பைய கடந்து போ, தாயி. மாமன் நிக்கேம்லா."